யூத் ஃபெலோஷிப் போட்டோல 23 பேர்

போன மாசம் எங்கட சேர்ச்சில லீடர்ஸ் மீட்டிங். அதில போய் இருக்க எனக்கு ஒரு தகுதியும் இல்ல, "யூத் ரெப்" எண்டு ஒரு கதிரை கன நாளாக் காலியாக் கிடந்ததால என்னைப் பிடிச்சு இருத்திப்போட்டினம். 31 வயசில யூத் எண்டா சிரிப்பு வரும்தான், ஆனா சராசரி வயசு 65 இருக்கிற ஒரு சபையில நான் இன்னும் "அந்தச் சின்னப் பிள்ளை". சேர்ச்சின்ட பேர் வேண்டாம், கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு லேன், அவ்வளவு காணும்.

அஜெண்டாவில மூண்டாவது விஷயம் ஹோல் கூரை ஒழுக்கு. நாலாவது விஷயம் வாலிபர் வருகை குறைவு. கூரைக்கு 50 நிமிஷம் போச்சு, மூண்டு கொட்டேஷன், தகரமா ஓடா எண்டு சண்டை, பேந்து ஒரு ஆன்ட்டி கொண்டு வந்த பட்டிஸும் பிளேன்டீயும், அதுக்குப் பிறகு எல்லாருக்கும் வீட்ட போற அவசரம் வந்த நேரத்திலதான் எங்கட விஷயத்துக்கு வந்தினம். ஒரு அங்கிள் பேப்பர் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார், பாவம், உண்மையாவே தேடி வாசிச்சிருக்கிறார். அமெரிக்காவில கேலப் எடுத்த கணக்காம், 1999ல 70 சதவீதம் பேர் ஏதோ ஒரு சேர்ச்சிலயோ சினகொக்கிலயோ மசூதியிலயோ அங்கத்தவரா இருந்தவையாம், 2020ல அது 47ஆம், முதல் தரமா பாதிக்குக் கீழ போயிருக்குதாம். "இதே வியாதிதான் இங்கயும், போனும் நெட்ஃபிளிக்ஸும்" எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணாடியைக் கழட்டினார். எல்லாரும் என்னைப் பாத்தினம், ஏதோ 47ம் என்ர பிழை மாதிரி. அடுத்த மீட்டிங்கில சொல்லுறன் அங்கிள் எண்டு தப்பி வந்துட்டன்.

வீட்ட வந்து ஃபேஸ்புக்கில பழைய போட்டோ ஒண்டைத் தேடி எடுத்தன். 2013, பண்டாரவளை ரிட்ரீட், எங்கட யூத் ஃபெலோஷிப், குளிருக்கு ஆளுக்காள் ஒட்டிக்கொண்டு நிக்கிறம், முன்னுக்கு இருக்கிறவன் கிட்டாரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறான். எண்ணிப் பாத்தா 23 பேர். ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொருத்தரா எழுதினன், இவள் இப்ப எங்க, இவன் எங்க, தெரியாத ஆக்களுக்கு வாட்ஸ்அப்பில மெசேஜ் போட்டன். ராத்திரி ஒரு மணி ஆயிட்டுது.

12 பேர் நாட்டிலயே இல்ல. முதல்ல இதைச் சொல்லோணும், ஏனெண்டா இது இல்லாம மிச்சக் கதை விளங்காது. மெல்பேர்ன் நாலு, டொரோன்டோ பக்கம் மூண்டு, லண்டன் ரெண்டு, துபாய் ரெண்டு, ஒருத்தி நியூசிலாந்தில நேர்ஸ். 12 பேரில ஏழு பேர் 2022க்குப் பிறகு போனவை. அந்த வருஷம் இங்க இருந்த ஆருக்கும் நான் விளக்கத் தேவையில்ல, நாட்டில காசில்லாமப் போன வருஷம், காஸ் கியூ, பெற்றோல் கியூ, 13 மணித்தியாலம் கரண்ட் கட், பாஸ்போர்ட் ஒஃபிஸுக்கு முன்னால விடியப்புறம் பாயோட படுத்த சனம். அமெரிக்காக்காரன் வீட்டில இருந்துகொண்டு சேர்ச்சுக்குப் போகாம விட்டான், எங்கட ஆக்கள் கட்டுநாயக்கா எயார்போட்டால போயிட்டினம். அதில ஸ்கார்பரோவில இருக்கிற ஒருத்தன் இப்பவும் எங்கட லைவ் பாக்கிறான், எங்கட ஞாயிறு காலமை ஏழரை அவனுக்கு சனி இரவு பத்து மணி, வேலையால வந்து சாப்பிட்டுக்கொண்டு பாக்கிறானாம். "கமராவைக் கொஞ்சம் கீழ திருப்பச் சொல்லு, ஆறு மாசமா நான் ஃபேனுக்குத்தான் ஆராதனை செய்யிறன்" எண்டு அனுப்பியிருந்தான். இவனை வருகைப் புத்தகத்தில எந்தக் கட்டத்தில எழுதிறது?

மிச்சம் 11. அதில நாலு பேர் "புதுச் சேர்ச்"சுக்குப் போகினம். ஹோட்டல் ஹோல் வாடகைக்கு எடுத்து, கறுப்புத் துணி கட்டி, ட்ரம்ஸ், எல்ஈடி ஸ்கிரீன், வாசல்ல கோப்பி. எங்கட பெரியாக்களுக்கு அவங்கட பேர் சொன்னாலே முகம் மாறும், ஆட்டைத் திருடுறவங்கள் எண்டுதான் கதை. நானும் ஒரு வருஷம் போய்ப் பாத்தனான், அதால ரெண்டு பக்கமும் சொல்லுறன். பாட்டுக்காக ஒருத்தரும் போறேல்ல, அதை முதல்ல விட்டுடுங்கோ, எங்கட சேர்ச்சில ட்ரம் செட் ஒண்டு வாங்கினா பிள்ளைகள் ஓடி வந்துடுவினம் எண்டு நினைச்சு 2016ல வாங்கி, இப்ப அதுக்கு மேல ஹார்வெஸ்ட் பெஸ்டிவல் டெக்கரேஷன் பெட்டி அடுக்கி வச்சிருக்கு. ஆக்கள் போறது வியாழக்கிழமை செல் குரூப்புக்கு. பம்பலப்பிட்டியில ஆரோ ஒருத்தரின்ட ஃபிளட்டில எட்டுப் பேர் நிலத்தில இருந்து கதைப்பினம், இந்தக் கிழமை ஒஃபிஸில என்ன நடந்தது, ஆருக்கு வேலை போச்சு, ஆர் ஆரோட முறிஞ்சது. எனக்குக் காய்ச்சல் வந்த நேரம் பேரே வடிவாத் தெரியாத ஒரு பெட்டை கொத்தமல்லி அவிச்சு போத்தல்ல கொண்டு வந்து தந்தவள். நான் பிறந்து ஞானஸ்நானம் எடுத்த சேர்ச்சில ஒருத்தருக்கும் எனக்குக் காய்ச்சல் எண்டு தெரியாது. ஆனா அங்கயும் ஒண்டு நடந்தது, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி டிப்ரெஷனுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவள், அங்க உள்ள ஒரு லீடர் "விசுவாசம் இருந்தா இந்தக் குளிசை என்னத்துக்கு சிஸ்டர்" எண்டு கேட்டதில நிப்பாட்டிப்போட்டு மூண்டு கிழமை நித்திரை இல்லாமக் கிடந்து, கடைசியில ஒரு ராத்திரி 1926க்கு, அதான் அந்த அங்கொட மனநல ஹொட்லைன், போன் எடுத்தவள். இப்ப சுகமா இருக்கிறாள், சேர்ச் ஒண்டுக்கும் போறேல்ல, என்ர 23ல ஆள். சரி அங்கதான் அப்பிடி எண்டு பாத்தா, இங்க எங்கட ஆன்ட்டிமாரிட்ட இதைச் சொன்ன நேரம் "கலியாணம் கட்டினா எல்லாம் சரி வரும்" எண்டினம். ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்.

ரெண்டு பேர் அதே வளவிலதான், ஆனா ஒன்பதரை மணி இங்கிலிஷ் சேர்விஸுக்கு மாறிட்டினம். இது எங்கட பெரியாக்களுக்கு பெரிய துக்கம், தமிழை விட்டுட்டுதுகள் எண்டு. ஆனா பிள்ளைகளை இங்கிலிஷ் மீடியத்தில போட்டது ஆர்? என்ர மச்சாள் ஒருத்திக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது, அதால ஸ்கிரீனில தமிழ்ப் பாட்டை இங்கிலிஷ் எழுத்தில போடச் சொல்லிக் கேட்டவள், அதுக்கும் ஒரு சண்டை. எங்கட தாத்தா உயிரோட இருக்கேக்க திருப்பித் திருப்பிச் சொல்லுற ஒரு கதை இருக்கு, யாழ்ப்பாணத்தில மெதடிஸ்ட் மிஷன் பேர்சிவல் ஐயரோட இருந்து பைபிளைத் தமிழாக்க உதவினது ஆறுமுக நாவலர் எண்டு, அந்த வேலையைச் செய்து குடுத்துப்போட்டு அதே நாவலர் பேந்து சைவத்துக்காக மிஷனுக்கு எதிரா எழும்பி நிண்டவர், தாத்தா இதைச் சொல்லேக்க ஆருக்கு வெற்றி எண்டு தெரியாத மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பார். இப்ப நாங்க கையில வச்சிருக்கிறது 1871ல வந்த, பவர் ஐயரும் அவரின்ட குழுவும் திருத்தின மொழிபெயர்ப்பு. எனக்கு அந்தத் தமிழ் விருப்பம், சத்தமா வாசிச்சா வாய்க்குள்ள ஒரு கனம் இருக்கும், ஆனா 19 வயசுப் பிள்ளைக்கு அதைக் குடுத்துப்போட்டு விளங்கேல்லையா எண்டு கேக்கிறதில நியாயம் இல்ல. வசதிபடைச்ச பிள்ளைகள் இங்கிலிஷுக்குப் போக, இங்கிலிஷ் வராத பிள்ளைகள் எங்க போறது எண்ட கேள்வியை ஒருத்தரும் கேக்கேல்ல. நானும் கேக்கேல்ல, இதுக்குப் பிறகு வாறன்.

ஒருத்தி கொட்டாஞ்சேனையில கத்தோலிக்கக் குடும்பத்தில கலியாணம் கட்டி அங்க போயிட்டாள். அவள் கட்டின ரெண்டாவது வருஷம்தான் 2019. அண்டைக்கு ஏப்ரல் 21, எங்கட உயிர்த்த ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருக்கு, சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் குடுக்க முட்டை சோடிச்சு வச்சிருக்கு, பின் வாங்கில ஒரு போன் அடிச்சது, பிறகு இன்னொண்டு, பிறகு எல்லா இடமும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில குண்டு வெடிச்சிட்டுது எண்டு ஆரோ சொல்லிச்சினம், பேந்து நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, பேந்து மட்டக்களப்பு சீயோன், ஹோட்டல்கள். போதகர் பிரசங்கத்தை நிப்பாட்டி, ஒருத்தரும் கூட்டமா நிக்காமல் வீட்ட போங்கோ எண்டவர். மட்டக்களப்பில சண்டே ஸ்கூல் முடிஞ்சு வெளிய நிண்ட பிள்ளைகள் எண்டு பிறகு கேள்விப்பட்ட நேரம் அந்தச் சோடிச்ச முட்டைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தது, அதை ஆர் என்ன செய்தவை எண்டு இண்டைவரைக்கும் தெரியாது. சிநேகிதியின்ட புருஷன் வீட்டாக்கள் அண்டைக்குக் கொச்சிக்கடைக்குத்தான் போறதா இருந்தவை, மாமிக்குப் பிரஷர் எண்டு போகேல்ல. அவள் அண்டைக்குச் சாயந்திரம் எனக்குப் போன் எடுத்து ஒண்டும் கதைக்காம அப்பிடியே வச்சிருந்தாள், நானும் வச்சிருந்தன்.

பிறகு ஞாயிறுகள் இல்ல. ஏப்ரல் 28ந் திகதி கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தன்ட வீட்டில இருந்து டீவியில பூசை வச்சார், மெதடிஸ்டுக்காரராகிய நாங்களும் இருந்து பாத்தம், அம்மா முழங்காலில நிண்டவ. சேர்ச் திறந்த பிறகு வாசல்ல ஆமிக்காரர், பாக் செக்கிங், தெரியாத ஆள் ஆரும் வந்தா எல்லாரும் திரும்பிப் பாக்கிறது. மே மாசம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் ஆக்களின்ட கடைகளை உடைச்ச நேரம், எங்கட ஒஃபிஸில பக்கத்து மேசைக்காரி மூண்டு நாள் வேலைக்கு வரேல்ல, அவள் அபாயா போடுறவள். அந்த ஞாயிறு ஜெபத்தில அவங்களுக்காகவும் ஒரு வரி சேருங்கோ எண்டு யூத் ஆக்கள் நாங்க அஞ்சாறு பேர் போய்க் கேட்டம். "இது அரசியல் பிள்ளையள், இப்ப வேண்டாம்" எண்டினம். என்ர கணக்கில, போட்டோல இருந்த ஆக்களில மூண்டு பேர் அந்த "இப்ப வேண்டாம்"ல கழண்டவை. இயேசு ஆரைத் தொட்டார் ஆரோட சாப்பிட்டார் எண்டு சண்டே ஸ்கூலில படிப்பிச்சதும் நீங்கள்தானே.

எனக்கு என்ன நடந்தது எண்டா, எனக்கு ஜெபம் வராமப் போச்சு. வாயைத் திறந்தா ஒண்டும் இல்ல. ஆனா அந்த வருஷம் முழுக்க நான் ஒரு ஞாயிறு தவறேல்ல, குவயரில அல்டோ பாடினனான், நத்தார் கரோலுக்கு வீடு வீடாப் போனனான், 2019 வருகைப் புத்தகத்தைப் பாத்தா என்னைப் போல விசுவாசி இல்ல. இப்ப மாசத்தில ஒருக்காப் போனாப் பெரிசு. ஆனா காலமை 100 பஸ்ஸில தொங்கிக்கொண்டு போகேக்க, கொள்ளுப்பிட்டி தாண்டி கடல் தெரியிற அந்த ரெண்டு நிமிஷத்தில ஏதோ கதைக்கிறன், பதில் வருதோ இல்லையோ கதைக்கிறன். இதை மீட்டிங்கில சொல்ல ஏலாது, சொன்னா முதலாவது பாதிதான் மினிட்ஸில ஏறும்.

2022ல காலிமுகத்திடல் போராட்டத்தில நீளமா வெள்ளை அங்கி போட்ட ஃபாதர்மாரையும் சிஸ்டர்மாரையும் முன் வரிசையில கண்ட நேரம் எங்களில சிலருக்கு மனசு ஒருக்காத் துள்ளினது உண்மை. எங்கட சேர்ச்சும் சும்மா இருக்கேல்ல, அதையும் சொல்லோணும், நான் குறை மட்டும் சொல்ல வரேல்ல, அந்த ஆறு மாசமும் லேனில இருந்த வீடுகளுக்கு மதம் பாக்காம அரிசி பருப்பு பார்சல் போனது, கூரைக்கு 50 நிமிஷம் சண்டை பிடிக்கிற அதே அங்கிள்தான் தன்ட காரின்ட கடைசி பெற்றோலில கொண்டுபோய்க் குடுத்தவர்.

கலியாண விஷயம் ஒண்டு இருக்கு, அதைச் சுருக்கமா முடிக்கிறன், ஏனெண்டா கோபம் வரும். 23ல ரெண்டு பேர் ஆளையாள் விரும்பினவை. ஒரே சேர்ச், ஒரே வாங்கு, ரெண்டு அம்மாமாரும் ஒரே பெண்கள் ஐக்கியம். கதை வெளிய வந்த உடன ஒரு பக்கத்தில இருந்து முதல் வந்த கேள்வி, "அவை ஊரில எந்தப் பக்கம்?" யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்தக் கேள்வியின்ட அர்த்தம் தெரியும், என்ன சாதி எண்டுதான். ஒரே பாத்திரத்தில திருவிருந்து எடுத்த ஆக்கள். ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் பண்ணிக்கொண்டு மெல்பேர்ன் போயிட்டினம். அந்த நாலில ரெண்டு.

இன்னொருத்தன், கிட்டாரைத் தலைகீழாப் பிடிச்சவன், பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில படிச்சு இப்ப மலையகத்தில ஒரு சேர்கிட்டில, அதாவது சில சபைகள் சேர்ந்த ஒரு வட்டாரத்தில, போதகர். அவனோட ஒரு மணித்தியாலம் கதைச்சன், அதுதான் இந்தப் பதிவை எழுத வச்சது. "அங்க யூத் வருகினமா?" எண்டு கேட்டன். "எங்கட யூத் எல்லாம் உங்களிட்டத்தான் இருக்கினம்" எண்டான். விளங்கேல்ல. "தோட்டத்தில ஓ லெவல் முடிஞ்ச உடன பொடியன்கள் கொழும்புக்குத்தானடி வாறாங்கள், கடைக்கு, ஹோட்டலுக்கு, புறக்கோட்டை ஸ்டோர்ஸுக்கு. என்ர சபையில இருந்து மட்டும் 14 பேர் கொழும்பில, அதில நாலு பேர் வெள்ளவத்தையில. உங்கட சேர்ச்சில ஒருத்தனையாவது கண்டனியா?"

காணேல்ல. காணாதது மட்டும் இல்ல, தேடவும் இல்ல. அவன் ஒரு பேரும் கடையும் அனுப்பினான், பாத்தா எங்கட லேன் முனையில இருக்கிற சாப்பாட்டுக் கடை, நான் அஞ்சு வருஷமாப் பார்சல் எடுக்கிற இடம், எனக்கு ரொட்டி கட்டித் தாற பொடியன். 20 வயசு, மஸ்கெலியாப் பக்கம், கழுத்தில சட்டைக்குள்ள ஒரு சின்னச் சிலுவை. போன வியாழன் போய்க் கேட்டன், தம்பி சேர்ச்சுக்குப் போறதா எண்டு. முதல்ல பயந்துட்டான், கடையை விட்டுப் போறானா எண்டு முதலாளிக்காக விசாரிக்கிறன் எண்டு நினைச்சிருக்கிறான். "ஞாயித்துக்கெழமதான் மிஸ் நல்ல பிஸி, காலைல அஞ்சு மணிக்கு அடுப்பு, ராத்திரி ஒன்பதுக்குத்தான் விடுவாங்க. செவ்வாய்க்கெழம பகல்ல ரெண்டு மணித்தியாலம் லீவு, அதுல கொச்சிக்கடைக்குப் போவேன்." நீ மெதடிஸ்ட் தானே எண்டன். "அங்க யாரும் கேக்க மாட்டாங்க மிஸ்" எண்டான். உண்மைதான், செவ்வாய்க்கிழமை அங்க போய்ப் பாருங்கோ, சைவம், பௌத்தம், எல்லாரும் மெழுகுதிரியோட நிப்பினம், எங்கட சேர்ச் ஆன்ட்டிமார் ரெண்டு பேரையும் நான் கண்டிருக்கிறன், அவையும் என்னைக் கண்டவை, ஆளையாள் காணாத மாதிரி வந்துட்டம். "ராத்திரில நாங்க அஞ்சு பேரு ரூம்ல போன்ல பாட்டுப் போட்டு ஜெபம் பண்ணுவோம்" எண்டும் சொன்னான். இந்த ரூம் எங்கட சேர்ச்சில இருந்து 200 மீட்டர்.

நேற்று அடுத்த மீட்டிங். கொப்பியைக் கொண்டு போனன். 12 பேர் பிளேன் ஏறிட்டினம், இவை இவை இங்க இங்க எண்டு வாசிச்சன், தலையாட்டினம், சில இடத்தில ஆரும் ஆரையும் பாக்கேல்ல. பேந்து சொன்னன், நாங்க யூத் யூத் எண்டு எண்ணிக்கொண்டிருக்கிறது எங்கட வீட்டுப் பிள்ளைகளை மட்டும், எங்களுக்கு ரொட்டி கட்டித் தாற பிள்ளைகள் அந்தக் கணக்கில இல்ல, ஞாயிறு ஒன்பதரைக்கு ராத்திரி ஹோலைத் திறந்து விட்டா அஞ்சு பேர் இருக்கினம், இன்னும் வருவினம், ட்ரம்ஸ் தேவையில்ல, பிரசங்கமும் தேவையில்ல, ஃபேனும் லைட்டும் தண்ணியும் காணும்.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல. ஒரு ஆன்ட்டி "ராத்திரியில தெரியாத பொடியன்கள்..." எண்டு தொடங்கி, தானே நிப்பாட்டிட்டா. கேலப் அங்கிள்தான் வாய் திறந்தார், வாச்சருக்கு ஓவர்டைம் தான் குடுக்கிறதாம், மூண்டு மாசத்துக்கு, பிறகு பாப்பமாம். போதகர் ஐயா தானும் வந்து இருக்கலாமா எண்டு என்னைப் பாத்துக் கேட்டார், அந்தப் பொடியன்களிட்டக் கேட்டுச் சொல்லுறன் ஐயா எண்டன், அவருக்கு அது கொஞ்சம் சுட்டிருக்கும். கேட்டைத் திறக்கிற சாவி ரெண்டு பேரிட்டத்தான் இருக்கு, ரெண்டு பேரும் ஒன்பது மணிக்கே படுக்கிற ஆக்கள், மூண்டாவது சாவி வெட்டுறதுக்கு டிரஸ்டீஸின்ட அனுமதி எடுக்கோணுமாம், அவை கூடுறது அடுத்த மாசம்.

மீட்டிங் முடிஞ்சு வரேக்க கடையில பொடியன் கண்டுட்டான், ரொட்டியைத் திருப்பிக்கொண்டே "மிஸ், எத்தன மணிக்கு?" எண்டான். ரெண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டித் தா எண்டு சொல்லிப்போட்டு நிண்டன்.